பழவேற்காட்டின் ‘பெரிய கடல் காக்கா’: ஒற்றைப் பறவைக்காக விடியற்காலையில் கிளம்புவது ஏன்?

ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே கால் மணி. பழவேற்காடு ஏரிக்கரையில் நான்கு இளைஞர்கள் நிற்கிறார்கள். ஒருவர் கையில் பைனாகுலர், இன்னொருவர் தோளில் முக்காலி. சென்னையில் ஐடி வேலை, வாரம் முழுக்க லேப்டாப், கிடைக்கும் ஒரே லீவு நாளில் மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து வந்திருக்கிறார்கள்.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருக்கும் மீனவர் கேட்கிறார்: “என்னா தம்பி, பூநாரை பாக்க வந்தீங்களா? அது இந்தப் பக்கம் இல்ல.”

“இல்லண்ணே, கடல் காக்கா பாக்க வந்தோம்.”

“காக்காவையா?”

குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்குப் போனால் இப்படி ஒரு காட்சியை நீங்களும் பார்க்கலாம். மீனவரின் ஆச்சரியம் நியாயமானதுதான். ஏரியில் கடற்காகத்துக்குப் பஞ்சமே இல்லை. மீன் இறங்கும் இடத்தில் எல்லாம் கூட்டமாகச் சுற்றும் பறவை அது. ஆனால் இந்த நால்வர் தேடி வந்தது கூட்டத்தை அல்ல. அந்தக் கூட்டத்துக்குள் எப்போதாவது வந்து நிற்கும் ஒன்றை. அதன் பெயர் பெரிய கருந்தலைக் கடற்காகம். ஆங்கிலத்தில் பல்லாஸ் கல்.

ஒரு பறவையைத் தேடி இவ்வளவு தூரம் போவதில் என்ன இருக்கிறது? அதை எப்படி அடையாளம் காண்பது? பார்த்தால், அல்லது பார்க்காமலே திரும்பினால், யாருக்கு என்ன லாபம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடற்காகம் கடலில் பிறக்கிறதா?

பெயரில் கடல் இருந்தாலும், தமிழகத்துக்கு வரும் கடற்காகங்கள் பெரும்பாலும் கடலை ஒட்டிப் பிறப்பவை அல்ல. தமிழகக் கரையில் எந்தக் கடற்காகமும் கூடு கட்டுவதில்லை. எல்லாமே குளிர்கால விருந்தாளிகள். அக்டோபர், நவம்பரில் வரத் தொடங்கி, ஏப்ரலுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

பழவேற்காட்டில் அதிகம் தென்படும் பழுப்புத்தலைக் கடற்காகத்தை எடுத்துக்கொள்வோம். இது முட்டையிடுவது மத்திய ஆசியாவின் உயரமான பீடபூமி ஏரிகளில். இந்தியாவுக்குள்ளும் லடாக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சோ மோரிரி போன்ற ஏரிகளில் கூடு கட்டுகிறது. அங்கே ஏரி உறையத் தொடங்கும்போது, இமயமலையைத் தாண்டித் தெற்கே வந்துவிடுகிறது.

பெரிய கருந்தலைக் கடற்காகம் இன்னும் தொலைவிலிருந்து வருவது. காஸ்பியன் கடலோரம், கஜகஸ்தான் ஏரிகள், மங்கோலியா, சீனாவின் சிங்ஹாய் ஏரி என விரிந்த பகுதியில் இனப்பெருக்கம் செய்கிறது. ஜெர்மனியில் பிறந்து ரஷ்யாவில் பணியாற்றிய இயற்கை ஆய்வாளர் பீட்டர் சைமன் பல்லாஸ், 1773-ல் இந்தப் பறவையை அறிவியல் உலகுக்கு விவரித்தார். அவர் பெயரைத்தான் ஆங்கிலப் பெயர் சுமந்துகொண்டிருக்கிறது. அறிவியல் பெயர் இக்தியீட்டஸ் இக்தியீட்டஸ். கிரேக்க மொழியில் அதற்கு ‘மீன் கழுகு’ என்று பொருள். மீனைப் பிடிப்பதோடு நிற்காமல், மற்ற பறவைகளின் வாயிலிருக்கும் மீனையும் பிடுங்கும் பறவைக்கு இது பொருத்தமான பெயர்தான்.

பழவேற்காடு ஏன்?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் தீவுதான் ராக்கெட் ஏவப்படும் ஸ்ரீஹரிகோட்டா.

ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் இறாலும் நண்டும் மீனும் பெருகுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு நீர் மெல்ல வடியும்போது, சேற்றுத் திட்டுகளும் மணல் திட்டுகளும் வெளியே வருகின்றன. தீனிக்கு மீன், நிற்பதற்குத் திட்டு. கடற்காகத்துக்கு வேறென்ன வேண்டும்?

இங்கே மீனவர்களின் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த ஊர்க்காரர்கள், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம். வலை இழுக்கும் இடத்தில் சிதறும் சிறு மீன்களுக்காகக் கடற்காகங்கள் வட்டமிடும். ஏரியில் எந்த நேரத்தில் எந்தப் பறவை எங்கே இருக்கும் என்பது மீனவர்களுக்கு எந்த ஆப்பும் இல்லாமலே தெரியும்.

‘அரிது’ என்றால் என்ன?

இதில் நிறைய பேர் குழம்புவார்கள். பெரிய கருந்தலைக் கடற்காகம் அழியும் நிலையில் இருக்கும் பறவை அல்ல. வட இந்தியாவின் பெரிய ஆறுகளிலும், இந்தியக் கடற்கரையின் பல இடங்களிலும் குளிர்காலத்தில் தென்படுகிறது. பழவேற்காட்டுக்கும் வருகிறது. ஆனால் பழுப்புத்தலைக் கூட்டம் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது, இது ஒன்றோ இரண்டோ இருக்கும். சில நாட்களில் ஒன்றுகூட இருக்காது.

ஆக, அரிது என்பது பறவையின் குணம் மட்டும் இல்லை. இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. பழவேற்காட்டில் ‘பரவாயில்லை, இன்னிக்கு கிடைச்சுது’ என்று சொல்ல வைக்கும் அதே பறவை, கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஏதோ ஒரு ஊர் ஏரியில் வந்து இறங்கினால், அந்த மாவட்டத்துப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் அன்று முழுக்க அலறும்.

இதைவிடவும் அரிதானது மெல்லிய அலகுக் கடற்காகம். மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து மேற்காசியா வரை இனப்பெருக்கம் செய்யும் இது, இந்தியாவில் குஜராத் பக்கம்தான் அதிகம். கிழக்குக் கரையில் அபூர்வம். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள், ‘எல்லாம் ஒரே காக்காதானே’ என்று விடாமல், கூட்டத்தில் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

பெயரை நம்பாதீர்கள்

குளிர்காலத்தில் கடற்காகம் பார்க்கப் போகிறவர்களுக்கு முதல் பாடம் இது. பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு அப்போது பழுப்புத் தலை இருக்காது. கருந்தலைக் கடற்காகத்துக்குக் கருந்தலை இருக்காது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான் தலையில் அந்த நிறம் வரும். மற்ற மாதங்களில் இரண்டுக்கும் வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் மையால் தொட்ட மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

அப்புறம் எப்படிப் பிரிப்பது?

பழுப்புத்தலை: ஏறக்குறைய நம்ம ஊர்க் காக்கா அளவு. சிவப்பு அலகு, நுனி கருமை. சிவப்புக் கால். வளர்ந்த பறவைக்குக் கண் வெளிறி இருக்கும். பறக்கும்போது இறக்கை நுனி நன்றாகக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டுகள்.

கருந்தலை: அதைவிடக் கொஞ்சம் சிறியது. கண் கறுப்பு. பறக்கும்போது இறக்கையின் முன் விளிம்பில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். நுனியில் மட்டும் மெல்லிய கறுப்பு.

மெல்லிய அலகு: நீளமான கழுத்து, நீளமான அலகு. கண்ணுக்குப் பின்னால் புள்ளி இருக்காது, இருந்தாலும் மங்கலாக இருக்கும். கண் வெளிறி இருக்கும்.

பெரிய கருந்தலை: முதலில் அளவே காட்டிக்கொடுத்துவிடும். பழுப்புத்தலைக் கூட்டத்துக்கு நடுவே நின்றால், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் பத்தாம் வகுப்பு அண்ணன் நிற்கிற மாதிரி இருக்கும். உடல் நீளம் 60 சென்டிமீட்டருக்கு மேல், விரித்த இறக்கை சுமார் ஒன்றரை மீட்டர். நாம் அடிக்கடி பார்க்கும் செம்பருந்தைவிடப் பெரியது. நெற்றி சட்டென்று உயராமல், அலகிலிருந்து சரிவாக மேலே போகும். மஞ்சள் அலகில் நுனிக்கு அருகே ஒரு கறுப்புப் பட்டை, அதற்கு அப்பால் சிவப்பு. கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை அப்பினாற்போல இருக்கும், அதில் கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறைகள்.

இன்னொரு துப்பு, காலண்டர். இந்தப் பறவை மற்றவற்றைவிடச் சீக்கிரமே கோடை உடைக்கு மாறத் தொடங்கிவிடும். பிப்ரவரி வாக்கில் மற்ற கடற்காகங்கள் வெள்ளைத் தலையோடு நிற்கும்போது, இது மட்டும் முழுக் கறுப்புத் தொப்பி போட்டு நிற்கலாம். அப்படி ஒன்றைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

எங்கே தடுமாறுவார்கள்?

சிக்கல் இளம் பறவைகளில் வருகிறது. பெரிய கடற்காகங்கள் முழு வளர்ச்சி அடைய சுமார் நான்கு ஆண்டுகள் பிடிக்கும். ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு உடை. பழுப்புத் திட்டுகள், வால் நுனியில் கறுப்புப் பட்டை, அலகு மங்கல் என்று, ஒரே இனம் நான்கு இனங்கள் போலத் தெரியும். புத்தகத்தில் இருக்கும் அழகான படத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

இரண்டாவது தடுமாற்றம், இன்னொரு பெரிய கடற்காகம். முதுகு கருஞ்சாம்பல், மஞ்சள் கால், மஞ்சள் அலகின் கீழ்ப்பகுதியில் ஒரு சிவப்புப் பொட்டு. சைபீரியப் பக்கமிருந்து வரும் ஹியூக்ளின் கடற்காகம் இது. அளவை மட்டும் பார்த்து ‘வந்துட்டான்யா’ என்று கத்தியவர்கள், பிறகு போட்டோவை ஜூம் பண்ணிப் பார்த்துவிட்டு அமைதியாவது இதனால்தான்.

மூன்றாவது, காஸ்பியன் ஆலா. இது கடற்காகமே அல்ல. ஆலா இனங்களிலேயே பெரியது. தடித்த சிவப்பு அலகும் கறுப்புத் தலையுமாக இருப்பதால், தூரத்தில் புதியவர்கள் இதைப் பெரிய கருந்தலை என்று நினைத்துவிடுவார்கள். பறக்கும் விதத்தைக் கவனித்தால் போதும். ஆலா அலகைக் கீழே பார்த்தபடி பறந்து, தண்ணீருக்குள் தலைகுப்புறப் பாயும். கடற்காகம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே மிதந்தும் பொறுக்கியும் சாப்பிடும்.

எப்போது, எப்படிப் பார்ப்பது?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல பருவம். விடியற்காலையில் போனால் கானல் அலை இருக்காது. ஒன்பது, பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் ஏரிப்பரப்பு நடுங்கத் தொடங்கும். என்ன விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் படம் கலங்கித்தான் வரும்.

நீர் வடியும் நேரம் எது என்று மீனவர்களிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மணல் திட்டு வெளியே தெரிந்தால்தான் பறவைகள் கூட்டமாக நிற்கும். நிற்கும் கூட்டத்தில் தேடுவது, பறக்கும் கூட்டத்தில் தேடுவதைவிடப் பல மடங்கு எளிது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் போதும். குழுவில் ஒருவரிடம் ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தால் அதன் கண்ணாடியில் மொபைலை ஒட்டிப் பிடித்துப் படம் எடுக்கலாம். கலங்கலான படமாக இருந்தாலும் பரவாயில்லை. அலகின் பட்டை, காலின் நிறம், இறக்கை நுனி ஆகிய மூன்றும் தெரிந்தால் அது நல்ல ஆதாரம்.

இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா?

பறவை தூரத்தில் இருக்கிறது. படம் சரியாக வரவில்லை. ‘ஒரு போட் எடுத்துக்கிட்டு கிட்ட போயிடலாமா?’ என்ற பேச்சு எழும். கடற்காகம் தேடுவதில் உண்மையான சோதனை இந்த இடத்தில்தான்.

வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள். முதல் காரணம் மனித உயிர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச்சென்ற படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீன்பிடிப் படகு மீன் பிடிப்பதற்கானது. முகத்துவாரத்தின் நீரோட்டம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

இரண்டாவது காரணம் பறவை உயிர். திட்டில் நிற்கும் கூட்டம் சும்மா நிற்பதுபோலத்தான் தெரியும். உண்மையில் அவை ஓய்வெடுக்கின்றன, இறகைச் சீர்செய்கின்றன, திரும்பிப் போகும் நெடும் பயணத்துக்கு உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது. ஒரு குழு ஒரு முறை விரட்டினால் பெரிய நஷ்டம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் வீக்எண்ட் முழுக்க, குழு மாற்றிக் குழு வந்து விரட்டினால்? ட்ரோன் பறக்கவிடுவதும் இதே கணக்குதான். பழவேற்காட்டின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம் என்பதால், வனத்துறையின் விதிகளையும் அறிந்துகொண்டு போவது அவசியம்.

மிக்சர் போடலாமா?

டெல்லி யமுனைப் படித்துறையில், படகைச் சுற்றி நூற்றுக்கணக்கான கடற்காகங்கள் பறக்கும் ரீல்ஸை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். அங்கே படகில் போகிறவர்கள் காரவகைகளை வீசுவதால்தான் அவை அப்படிச் சூழ்கின்றன. வீடியோ சூப்பராக வரும். ஆனால் எண்ணெயில் பொரித்த, உப்பும் காரமும் போட்ட தீனி, மீனும் பூச்சியும் தின்னும் பறவைக்கு ஏற்றதல்ல. இமயமலையைத் தாண்டத் தேவையான சத்து மிக்சரில் கிடைக்காது. பழவேற்காட்டுப் பறவைகள் இன்னும் மீனை நம்பித்தான் வாழ்கின்றன. அப்படியே இருக்கட்டும்.

பார்த்த பிறகு என்ன?

முன்பெல்லாம் இப்படிப் பார்த்தவை நோட்டுப் புத்தகத்தோடு முடிந்துவிடும். இப்போது இபேர்ட் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய இந்தத் தளத்தில், யார் வேண்டுமானாலும் தாங்கள் பார்த்த பறவைகளின் பட்டியலை ஏற்றலாம். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை பறவை என்ற நான்கு விவரங்கள் முக்கியம். அடையாளம் காண உதவும் மெர்லின் ஆப்பும் அதே ஆய்வகத்தினுடையது. இலவசம்தான்.

ஆனால் பெரிய கருந்தலைக் கடற்காகம் என்று தட்டினால் உடனே ஏற்றுக்கொண்டுவிடுமா? ஓர் இடத்துக்கும் மாதத்துக்கும் வழக்கமில்லாத பறவையைப் பதிவிட்டால், ஆப் விவரம் கேட்கும். பிறகு அந்தப் பகுதியின் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் அதைச் சரிபார்ப்பார். போட்டோ இருந்தால் பார்ப்பார். இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய குறிப்பைப் படிப்பார். ‘கண்டிப்பா அதுதான் சார்’ என்பது குறிப்பு அல்ல. ‘பக்கத்தில் நின்ற பழுப்புத்தலையைவிட ஒன்றரை மடங்கு பெரியது, மஞ்சள் அலகில் கறுப்புப் பட்டை, சரிந்த நெற்றி’ என்பதுதான் குறிப்பு. ஆதாரம் போதவில்லை என்றால் அந்தப் பதிவு உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும், பொதுத் தரவில் சேராது. இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் இது நடக்கும்.

சந்தேகம் இருந்தால் ‘கடற்காகம், இனம் தெரியவில்லை’ என்று பதிவிடவும் வழி இருக்கிறது. தப்பான பெயரைவிட இது எவ்வளவோ மேல்.

பொங்கல் லீவில் ஒரு கணக்கு

தனியாகப் போக யோசிப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழகம் முழுக்க 2015 முதல் நடந்துவருகிறது. மொட்டை மாடியில் நின்றுகூடக் கலந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பார்த்த எல்லாவற்றையும் பதிவிட்டால் போதும். இதே ஜனவரியில்தான் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. 1987-ல் தொடங்கிய இதில், பல நாடுகளின் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் தன்னார்வலர்கள் பறவைகளை எண்ணுகிறார்கள். தமிழக வனத்துறையும் தனியாகக் கணக்கெடுப்பு நடத்துகிறது.

எண்ணி என்ன ஆகப்போகிறது?

ஒரு நீர்நிலைக்கு உலக அளவில் முக்கியத்துவம் இருக்கிறதா என்று தீர்மானிக்கும் ராம்சார் ஒப்பந்தத்தில் இரண்டு அளவுகோல்கள் பறவை எண்ணிக்கையை நேரடியாகக் கேட்கின்றன. ஒன்று, அங்கே வழக்கமாக 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் இருக்க வேண்டும். இன்னொன்று, ஏதாவது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதமாவது அந்த இடத்தை நம்பி இருக்க வேண்டும். இந்த எண்களை யாராவது போய் எண்ணினால்தான் உண்டு. ‘இங்க நெறைய பறவை வரும் சார்’ என்ற வார்த்தை எந்தக் கோப்பிலும் ஏறாது.

பழவேற்காட்டுக்கு அந்தக் கோப்பு தேவைப்படுகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது அங்குள்ள மீனவர்களின் நீண்ட காலக் குறை. கடல்நீர் உள்ளே வராவிட்டால் ஏரியின் உப்புத்தன்மை மாறும், மீன் குறையும். மீன் குறைந்தால் மீனவரும் கடற்காகமும் ஒன்றாகத்தான் பாதிக்கப்படுவார்கள். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் நெருங்கி நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்களின் வலைகளும் படகுகளும் பாழாயின. இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்களைப் பலரும் பார்த்தோம். நீர்ப்பரப்பில் மிதந்தே சாப்பிடும் கடற்காகம் போன்ற பறவைகளுக்கு எண்ணெய்ப் படலம் மிகப் பெரிய ஆபத்து. முன்பு எத்தனை இருந்தன என்று தெரிந்தால்தான், பிறகு எத்தனை குறைந்தன என்று சொல்ல முடியும்.

இன்னொரு காரணம், நோய். 2005-ல் சிங்ஹாய் ஏரியில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவி 6,000-க்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் இறந்தன. வரித்தலை வாத்து, பழுப்புத்தலைக் கடற்காகம், பெரிய கருந்தலைக் கடற்காகம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. இந்த மூன்று இனங்களுமே குளிர்காலத்தில் தமிழகத்துக்கும் வருபவை. பறவைகளைப் பழிசொல்ல இதில் எதுவும் இல்லை. அவையும் பாதிக்கப்பட்டவைதான். ஆனால் எந்த இனம், எந்த மாதத்தில், எங்கே கூடுகிறது என்ற தகவல் கையில் இருந்தால், நோய்க் கண்காணிப்பை எங்கே தொடங்குவது என்று தெரியும். ஏரிக்கரையில் பறவைகள் இறந்து கிடந்தால் தொடாதீர்கள். வனத்துறைக்கோ கால்நடை பராமரிப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

பார்க்கவே இல்லை என்றால்?

காலை ஒன்பதரை. கரையில் நிற்கும் அந்த நால்வரிடம் திரும்பி வருவோம். மூன்று மணி நேரமாகக் கூட்டத்தை நான்கு முறை அலசிவிட்டார்கள். நிறைய பழுப்புத்தலை, சில கருந்தலை, இரண்டு காஸ்பியன் ஆலா. தூரத் திட்டில் ஒரு பெரிய இளம் கடற்காகம், தலையை இறகுக்குள் செருகித் தூங்குகிறது. அலகு தெரியவில்லை. எழுந்து பறக்கவும் இல்லை.

“பெருசாதான்டா இருக்கு. பல்லாஸ்னு போட்டுடலாம்,” என்கிறார் ஒருவர்.

“அலகே பாக்கலயே, எப்படிப் போடறது?” என்கிறார் இன்னொருவர்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. முதல் வாக்கியத்தின்படி போனால் நால்வருக்கும் சந்தோஷம், தரவில் ஒரு பொய். பத்து ஆண்டுகள் கழித்து யாராவது ‘பழவேற்காட்டில் இந்தப் பறவை கூடுகிறதா, குறைகிறதா’ என்று பார்க்கும்போது, அந்தப் பொய்யும் ஒரு புள்ளியாக வந்து நிற்கும்.

இரண்டாவது வாக்கியத்தின்படி போனால்? பட்டியலை முடிக்கும்போது இபேர்ட் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிவிட்டீர்களா? ‘ஆம்’ என்று அழுத்தினால், அந்தப் பட்டியலில் இல்லாத பறவைகளும் தகவலாக மாறிவிடுகின்றன. இன்று, இந்த மூன்று மணி நேரத்தில், இத்தனை கண்கள் தேடியும் பெரிய கருந்தலை தென்படவில்லை என்பதும் ஒரு செய்திதான். இப்படிப்பட்ட ‘இல்லை’கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால்தான், ‘இருக்கிறது’ என்பதற்கு மதிப்பு வருகிறது.

அவர்கள் ‘பெரிய கடற்காகம், இனம் தெரியவில்லை, 1’ என்று பதிவிட்டுவிட்டு முக்காலியை மடக்குகிறார்கள்.

வலையைச் சுருட்டி முடித்த மீனவர் கேட்கிறார்: “என்னா தம்பி, உங்க காக்கா கெடைச்சுதா?”

“இல்லண்ணே. பெரிய காக்கா ஒண்ணு, மஞ்ச மூக்கு இருக்கும். அதைத் தேடி வந்தோம்.”

“அதுவா? அது முகத்துவாரத்துல வலை இழுக்கறப்ப வரும். மத்ததெல்லாம் அதைக் கண்டா ஒதுங்கிடும். நீங்க நேரம் தப்பி வந்துட்டீங்க.”

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மீனவர் சொன்னதை அவர்கள் பட்டியலில் ஏற்றவில்லை, தாங்கள் பார்க்கவில்லையே. ஆனால் அடுத்த ஞாயிறு அலாரத்தை எத்தனை மணிக்கு மாற்ற வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள்.